ஒரே குழந்தை, நாலு டாக்டர்கள்: டர்பனில் குழந்தை மருத்துவத்துக்குப் போக நினைக்கும் பிள்ளைகளுக்கு

குழந்தை மருத்துவத்துக்குப் போகலாமா, ஜிபியாகவே, அதாவது எல்லா நோயும் பார்க்கிற பொது டாக்டராகவே, இருந்துவிடலாமா என்று காம்சர்வ் (தென்னாப்பிரிக்காவில் டாக்டர்களுக்குக் கட்டாயமான சமூக சேவை வருடம்) முடிக்கப்போகிற பிள்ளைகள் என்னிடம் கேட்பதுண்டு. இந்த வருடம் கேட்டது என் அண்ணன் மகள். சம்பளம், படிக்கிற வருடங்கள், ராத்திரி டியூட்டி என்று கட்டம் போட்டு எழுதியே கொண்டுவந்துவிட்டாள். கட்டம் நன்றாகத்தான் இருந்தது. நான் முதலில் கேட்கிற கேள்விக்கு மட்டும் அதில் இடமில்லை: நோய் வந்து எத்தனையாவது நாளில் குழந்தையைப் பார்க்க உனக்குப் பிடிக்கும்?

"இது என்ன கேள்வி அத்தை?" என்றாள்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றுக்கு வயிற்றுப்போக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சாயங்காலம் ஆயா, அதாவது வீட்டுப் பாட்டி, அதைத் தூக்கிக்கொண்டு போவது பக்கத்துத் தெரு ஜிபியிடம். உப்பு சர்க்கரைக் கரைசலை ஒழுங்காகக் கொடுத்தால் பெரும்பாலும் அங்கேயே கதை முடிந்துவிடும். முடியாவிட்டால் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ நடுராத்திரி, கண் குழிந்து உச்சி பள்ளமாகி ஆஸ்பத்திரி கேசுவல்டிக்கு வரும். அங்கே பார்ப்பவர் மெடிக்கல் ஆபீசர், ஸ்பெஷலிஸ்ட் படிப்பு இல்லாத ஆஸ்பத்திரி டாக்டர். ரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பு வந்துவிட்டது என்றால் குழந்தை ஸ்பெஷலிஸ்ட் வேண்டும். சிறுநீரே இறங்கவில்லை என்றால் காட்டோ மேனரில் உள்ள இன்கோசி ஆல்பர்ட் லுதுலி ஆஸ்பத்திரியின் சிறுநீரக நிபுணர். 2002-இல் திறந்த அந்த ஆஸ்பத்திரிக்குள் நாமாக நடந்துபோய்ச் சீட்டு வாங்க முடியாது. வேறொரு ஆஸ்பத்திரி எழுதி அனுப்பினால்தான் உள்ளே விடுவார்கள்.

இந்த நாலு பேரும் குழந்தை வைத்தியம்தான் பார்க்கிறார்கள். ஆனால் ஒருவர் வாழ்கிற வாழ்க்கை இன்னொருவருக்கு ஒத்துவராது.

வருடக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் எம்பிசிஎச்பி என்கிற டாக்டர் பட்டம் 6 வருடம். இன்டர்ன் 2 வருடம். சமூக சேவை 1 வருடம். 18 வயதில் நுழைந்த பிள்ளைக்கு இதற்குள் 27 ஆகிவிடும். அதுவரை எல்லோருக்கும் ஒரே பாதை. இன்டர்ன் காலத்தில் குழந்தைகள் வார்டும் கட்டாயம் என்பதால், அந்த வேலையின் வாசனை தெரியாமல் யாரும் தாண்டுவதில்லை. ஸ்பெஷலிஸ்ட் ஆக வேண்டுமென்றால் அதற்கு மேல் ரெஜிஸ்ட்ராராக, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சி டாக்டராக, 4 வருடம். அந்தப் பதவி காம்சர்வ் முடிந்த மறுநாளே கிடைத்துவிடாது. நடுவில் மெடிக்கல் ஆபீசராக ஓரிரு வருடமாவது போகும். ஆக 32, 33. இதயம், சிறுநீரகம், பச்சிளங்குழந்தை என்று உட்பிரிவு எடுத்தால் இன்னும் 2 வருடமாவது சேரும்.

இனி ஜிபி. இந்த வேலையைக் குறைத்துப் பேசுகிறவர்கள் நம் வீடுகளிலேயே அதிகம். "வெறும் ஜிபியா?" என்பார்கள். நம் தாத்தாக்கள் காலத்தில் அந்த 'வெறும் ஜிபி' ஆவதே பெரும்பாடு. மே ஸ்ட்ரீட்டில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த டாக்டர் கேசவலு குணம் கப்பலேறி எடின்பரோ போய்ப் படித்துவிட்டு, 1936-இல் டர்பன் திரும்பி வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். வெள்ளையரல்லாத பிள்ளைகளுக்கென்று டர்பனில் மருத்துவக் கல்லூரி வந்ததே 1951-இல்தான். படித்து வெளியே வந்தவர்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரிகளின் மேல் பதவிகள் எளிதில் திறக்கவில்லை. பலர் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் தெருவோரம் சர்ஜரி, அதாவது சொந்த வைத்திய அறை, திறந்து உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

குழந்தை பார்க்கிற ஜிபியின் பலமே வீட்டை அறிந்திருப்பதுதான். அப்பாவுக்குச் சின்ன வயதில் ஆஸ்துமா இருந்தது தெரியும். அம்மா வேலைக்குப் போகிறாள், பகலில் ஆயாதான் பார்த்துக்கொள்கிறாள் என்பதும் தெரியும். தடுப்பூசியும் எடையும் குறிக்கிற 'ரோட் டு ஹெல்த்' புத்தகத்தை நல்ல ஜிபி முதலில் கேட்டு வாங்கிப் புரட்டுவார். இருமல் என்று வந்த குழந்தையின் எடைக்கோடு மூன்று மாதமாக ஏறாமல் படுத்தே கிடந்தால், அன்றைக்கு இருமல் மருந்தைவிட அந்தக் கோடுதான் பெரிய விஷயம். வீட்டில் யாருக்காவது டிபி உண்டா என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்கும். இதை ஸ்பெஷலிஸ்ட் கண்டுபிடிப்பதற்குள் இரண்டு மாதம் ஓடியிருக்கும்.

கஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. காய்ச்சலோடு வருகிற குழந்தைகளில் பெரும்பாலானவை நீங்கள் ஒன்றும் செய்யாவிட்டாலும் தேறிவிடும். அதில் ஒரு குழந்தைக்கு மட்டும் மூளைக்காய்ச்சல் இருக்கும், முதல் நாளில் அதுவும் மற்றவற்றைப் போலவேதான் இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வெளியே ஒரு கூட்டமே காத்திருக்கையில் அந்த ஒன்றை எடுத்துத் தனியாக வைக்கத் தெரிய வேண்டும். கையில் ரத்தப் பரிசோதனையும் இல்லை, ராத்திரி முழுக்க வைத்துப் பார்க்க வார்டும் இல்லை. "நாளைக்குக் காலையில திரும்பக் கொண்டு வாங்க" என்று சொல்லிவிட்டுத் தூங்க முடிகிறவர்கள் ஜிபியாகலாம். எனக்கு அது வரவே இல்லை.

பணம் பற்றியும் சொல்ல வேண்டும். மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உள்ளவர்கள் இந்த நாட்டில் நூற்றுக்குப் பதினைந்து சொச்சம் பேர்தான். மற்றவர்கள் அரசு கிளினிக்குக்குப் போவார்கள், அல்லது ரொக்கம் கொடுத்து ஜிபியைப் பார்ப்பார்கள். அதனால் நம் பகுதி ஜிபிகள் பலர் தனியாக லைசென்ஸ் வாங்கி, மருந்தையும் தாங்களே கொடுக்கிறார்கள். பார்க்கிற கூலியும் மருந்தும் சேர்த்து ஒரே விலை. வருமானம் சீராக வரும். அதே சமயம், காசு கொடுத்தவருக்கு ஒரு பாட்டிலாவது கையில் கொடுத்து அனுப்ப வேண்டுமே என்ற நெருக்கடியும் வரும். வைரஸ் சளிக்கு ஆன்டிபயாட்டிக் எழுதாமல் ஆயாவைத் திருப்பி அனுப்பிப் பாருங்கள். மறுவாரம் அவள் அடுத்த தெரு டாக்டரிடம் நிற்பாள்.

மெடிக்கல் ஆபீசர் வேலையைப் பற்றிப் பேசும்போது நான் ஒருபக்கச் சார்பாகப் பேசுவேன், ஏனென்றால் நான் செய்வது அதுதான். மாவட்ட ஆஸ்பத்திரிகள் பலவற்றில் குழந்தை ஸ்பெஷலிஸ்ட் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நேரம் போனில்தான். வார்டு, கேசுவல்டி, சிசேரியனில் அழாமல் பிறக்கிற குழந்தை எல்லாம் மெடிக்கல் ஆபீசர் கையில்.

ராத்திரி மூன்று மணிக்கு அந்த ஒன்பது மாதக் குழந்தை வருகிறது. எடை பார்க்க நேரமில்லை. நாடாவைப் பக்கத்தில் விரித்து நீளத்தை வைத்து எடையைக் கணக்கிடுகிறோம், மருந்தெல்லாம் கிலோவுக்கு இத்தனை என்பதால். கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் இல்லை. சிஸ்டர் தலையைத் திருப்பிப் பிடிக்கிறாள், நெற்றியோரம் ஒரு நரம்பு நூல் மாதிரித் தெரிகிறது, ஊசி போனதும் வெடித்துவிடுகிறது. இனி தேடிக்கொண்டிருக்கக் கூடாது. முழங்காலுக்குக் கீழே கணைக்கால் எலும்பின் தட்டையான இடத்தில் தடித்த ஊசியைத் திருகி இறக்க வேண்டும். எலும்பைத் தாண்டிச் 'சொட்' என்று உள்ளே விழுவது கைக்கே தெரியும். அதன் வழியாக உப்புத் தண்ணீர் தள்ளியதும், கொஞ்ச நேரத்தில் குழந்தை முனகி, பிறகு கோபமாக அழும். அந்த அழுகைக்காகவே இந்த வேலையில் இருக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

எல்லா ராத்திரியும் அப்படி முடிவதில்லை. பெப்சி பாட்டிலில் ஊற்றி வைத்த மண்ணெண்ணெயைக் குடித்த குழந்தை, கொதிக்கிற கெட்டிலை இழுத்துக் கொட்டிக்கொண்ட குழந்தை, கால் வீங்கி முடி செம்பட்டையான பஞ்சக் குழந்தை எல்லாம் வரும். அந்தக் கடைசிக் குழந்தைக்கு டிரிப் போட்டால் இதயம் தாங்காது. எஃப்-75 என்கிற, சத்துக்குறைந்த குழந்தைகளுக்கான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டி, சூடாக வைத்து, நாலைந்து நாள் பொறுமை காக்க வேண்டும். அவசரப்படுகிற டாக்டருக்கு இந்த வார்டு ஆகாது.

ஜுலு மொழி தெரியாமல் இங்கே ஒரு நாள் ஓட்ட முடியாது. குழந்தையைக் கொண்டுவருவது பாதி நேரம் கோகோதான், அதாவது பாட்டி. "இன்யோனி" என்று அவள் சொன்னால் உச்சிப் பள்ளத்தையும் பேதியையும் பற்றிப் பேசுகிறாள் என்று புரிய வேண்டும். அதற்கு வீட்டில் என்ன கொடுத்தாள், எனிமா ஏதாவது ஏற்றினாளா என்று திட்டாமல் கேட்டு வாங்க வேண்டும். நம் ஆயாக்கள் உரம் விழுந்ததென்று தட்டிவிடுகிற கதைதான், ஆனால் மூலிகை எனிமா சின்னக் குழந்தையின் சிறுநீரகத்தைச் சாய்த்துவிடக்கூடியது. "எனக்குக் குழந்தைங்கன்னா பிடிக்கும், பெரியவங்கதான் பிடிக்காது" என்று என் அண்ணன் மகள் சொன்னபோது சிரித்துவிட்டேன். இந்த வேலையில் நாள் முழுக்கப் பேசுவது பெரியவர்களிடம்தான், அதுவும் பயத்தில் கோபமாக இருக்கிற பெரியவர்களிடம்.

இந்தப் பாதையின் குறை, மேலே ஏற ஏணி இல்லை. அரசுச் சம்பளத்தில் மெடிக்கல் ஆபீசருக்கு மூன்று படிகள். ஐந்து வருடம், பத்து வருடம் என்று காலத்தை வைத்து ஏறும், அதோடு சரி. ஓவர்டைமும் கிராமப்புறப் படியும் சேர்ந்தால் கைக்கு வருவது மோசமில்லை. கல்யாண வீட்டில் "இன்னும் ஸ்பெஷலிஸ்ட் ஆகலையா?" என்று கேட்கிற அத்தைமார்களைச் சமாளிக்கத்தான் தனித் தெம்பு வேண்டும். நான் முன்பு இருந்த ஓர் ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் இன்குபேட்டர் ரிப்பேர் ஆகாமல் கிடந்தது. குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு கட்டி வைத்தே காப்பாற்றினோம். கங்காரு முறை நல்ல முறைதான். ஆனால் அது விரும்பித் தேர்ந்தெடுத்ததாக இருக்க வேண்டும், வேறு வழியில்லாமல் வந்ததாக இருக்கக் கூடாது. அதைக் கேட்டு மேலே சண்டை போட மெடிக்கல் ஆபீசர் குரலுக்கு எடை குறைவு.

அங்கேதான் ஸ்பெஷலிஸ்ட் வேறுபடுகிறார். ரெஜிஸ்ட்ரார் காலத்தில், 'மருத்துவக் கல்லூரிகள்' என்ற பெயருள்ள தேர்வு அமைப்பு நடத்துகிற எஃப்சி பீட் என்கிற குழந்தை மருத்துவத் தேர்வை இரண்டு பாகமாக எழுத வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதி எம்மெட் என்கிற மேற்பட்டம் முடிக்காமல் ஸ்பெஷலிஸ்டாகப் பதிய முடியாது. தேர்வில் தேறியும் கட்டுரை முடியாமல் மாதக்கணக்கில் தொங்குகிறவர்கள் உண்டு. அதைச் சடங்கு என்று திட்டுகிறவர்களுக்கு நம் ஊர்க் கதையையே சொல்வேன். எச்ஐவி உள்ள தாய் பாலூட்டலாமா என்று உலகமே குழம்பிக்கொண்டிருந்தபோது, தாய்ப்பாலோடு வேறு ஆகாரம் கலந்து கொடுப்பதைவிட தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் தொற்று குறைவு என்று 1999-இல் காட்டியது டர்பன் குழு. அன்னா கூட்சூடிஸும் குழந்தை மருத்துவர் ஹூசன் கூவாடியாவும் அதில் இருந்தார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குப் போகாமல் தடுக்கிற நெவிராபின் மருந்தை அரசு ஆஸ்பத்திரிகளில் கொடுக்கச் சொல்லி 2002-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குழந்தை மருத்துவர் ஷபீர் மாதி போன்றவர்களின் தடுப்பூசி ஆய்வுகளும் துணைநிற்க, நிமோனியாவுக்கும் ரோட்டா வைரஸ் பேதிக்குமான ஊசியும் சொட்டும் 2009-இல் அரசுத் திட்டத்துக்கு வந்தன. நான் இன்டர்னாக இருந்தபோது பார்த்த வார்டும் இன்றைய வார்டும் ஒன்றல்ல. ஒரு குழந்தையின் நரம்பைத் தேடிக் கண்டுபிடிப்பது என் வேலை. அந்தக் குழந்தை வார்டுக்கே வராமல் செய்வது இவர்கள் வேலை. இரண்டில் எது பெரியது என்று கேட்டால் எனக்குப் பதில் தெரியும், இருந்தாலும் என் வேலையை விட்டுப் போகமாட்டேன்.

ஆனால் ஸ்பெஷலிஸ்ட் என்ற ஒரே பெயரில் இரண்டு உத்தியோகம் ஒளிந்திருக்கிறது. அரசில் இருப்பவர் காலையில் வார்டு ரவுண்டு, மதியம் ரெஜிஸ்ட்ரார்களுக்குப் பாடம், நடுவில் மாவட்ட ஆஸ்பத்திரிகளிலிருந்து வருகிற போன், இருக்கிற ஒரே ஐசியூ கட்டிலை எந்தக் குழந்தைக்குக் கொடுப்பது என்ற தீர்மானம் என்று ஓடுவார். தனியாரில் இருப்பவரின் நாள் சிசேரியன் தியேட்டரில் தொடங்கும். இங்கே மருத்துவக் காப்பீட்டில் பிரசவிக்கிறவர்களில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் சிசேரியன்; ஒவ்வொன்றுக்கும் ஒரு குழந்தை டாக்டர் நிற்க வேண்டும். பிறகு ஐசியூவில் குறைமாதக் குழந்தைகள், அதன் பிறகு ரூமில் இருமல், அலர்ஜி, "சாப்பிடவே மாட்டேங்குறான் டாக்டர்". பணம் உண்டு. போனை அணைத்து வைக்கிற சுதந்திரம் கிடையாது. கோர்ட்டு பயமும் கூடுதல்: பிறப்பின்போது நடந்ததற்குக் குழந்தையின் பெயரில் பல வருடம் கழித்தும் வழக்குப் போட முடியும் என்பதால் காப்புறுதிக் கட்டணம் கையைக் கடிக்கும். தனியாருக்குப் போகத்தான் ஆசை என்றால் அதிலொன்றும் தப்பில்லை. வைத்தியம் பார்த்துச் சம்பாதிப்பதைப் பாவம் மாதிரிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேறு வழியில் சம்பாதித்தவர்கள்.

உட்பிரிவு பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது நோயை விரும்புகிறவர்களுக்கு. கேப்டவுனில் 1956 முதல் இருக்கிற ரெட் கிராஸ் குழந்தைகள் ஆஸ்பத்திரி, ஜோஹன்னஸ்பர்க்கில் 2016-இல் திறந்த நெல்சன் மண்டேலா குழந்தைகள் ஆஸ்பத்திரி, நம் லுதுலி, இன்னும் சில பல்கலைக்கழக ஆஸ்பத்திரிகள். வேலை இருக்கிற இடம் அவ்வளவுதான். எங்கே வாழ்வது என்பதைப் பதவி தீர்மானிக்கும். அதற்குக் கைமாறாக, சிறுநீரக நோயுள்ள ஒரு குழந்தையை இரண்டு வயதில் பார்க்கத் தொடங்கி, மீசை முளைத்து மெட்ரிக் எழுதுகிற வரை பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஜிபியைத் தவிர வேறு யாருக்கும் அது வாய்க்காது. அறுவை சிகிச்சைப் பக்கம் கை போகிறவர்கள் குழந்தை சர்ஜரிக்குப் போவார்கள். அது சர்ஜன்களின் உலகம், நான் அதில் வாயைத் திறப்பதில்லை.

அண்ணியின் கேள்விக்கு வருகிறேன். "முப்பத்தஞ்சு வரைக்கும் பரீட்சை எழுதிட்டிருந்தா கல்யாணம், குழந்தை எல்லாம் எப்போ?" கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை. ரெஜிஸ்ட்ரார் வேலையில் 24 மணி நேர டியூட்டியும் பரீட்சையும் ஒன்றாக வரும். பிரசவ விடுப்பு அரசு வேலையில் 4 மாதம் சம்பளத்தோடு உண்டு, ஆனால் அந்த மாதங்களைப் பின்னால் சேர்த்து முடிக்க வேண்டிவரும். படிப்புக்குள் பிள்ளை பெற்ற தோழிகள் எனக்கு உண்டு. எல்லோருக்கும் பின்னால் ஓர் ஆயா இருந்தாள். ஆயா இல்லாத வீட்டுக்கு ஜிபி வேலைதான் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்.

இதையெல்லாம்விடப் பெரிய தடை பதவி. சில வருடங்களாகப் பணமில்லை என்று மாகாணங்கள் காலியிடங்களை நிரப்பாமல் வைத்திருக்கின்றன. காம்சர்வ் முடித்த டாக்டர்கள் வேலையில்லாமல் தெருவில் நின்று ஆர்ப்பாட்டம் செய்ததைப் பார்த்தோம். 2024-இல் கையெழுத்தான தேசியச் சுகாதாரக் காப்பீட்டுச் சட்டம் ஜிபியையும் தனியார் ஸ்பெஷலிஸ்டையும் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று சொல்லப் பல தாத்தாக்கள் இருக்கிறார்கள், கோயிலில் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது கேட்டுக்கொள்ளலாம். எனவே நாலு பாதையில் எது சிறந்தது என்று தேர்ந்துகொண்டு அதற்காகக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. எந்தப் பாதைக்கும் பயன்படுகிற ஒன்றை முதலில் செய்துவிட வேண்டும்.

அப்படி ஒன்று இருக்கிறது: டிசிஎச் என்கிற குழந்தை நல டிப்ளமா. குழந்தைகள் வார்டில் வேலை பார்த்துக்கொண்டே படித்து எழுதலாம். வருடத்தில் இரண்டு முறை தேர்வு வரும். அதனால் சம்பளப் படி ஏறாது, ஜிபியானால் ஸ்பெஷலிஸ்ட் கட்டணமும் வாங்க முடியாது. ஆனால் ரெஜிஸ்ட்ரார் நேர்காணலில் விண்ணப்பத்துக்குக் கனம் சேரும். மெடிக்கல் ஆபீசராகவே இருந்தால் ராத்திரி மூன்று மணிக்குக் கை நடுங்காது. ஜிபியானால் எந்தக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்று தெரியும். டிப்ளமாவோடு போனவர்களில் மோசமான குழந்தை டாக்டரை நான் பார்த்ததில்லை. எஃப்சி பீட் வாங்கியவர்களில் ஓரிருவரைப் பார்த்திருக்கிறேன்.

என் அண்ணன் மகளுக்கு ஜனவரியில் இரண்டு வாய்ப்பு. ஒன்று ஃபீனிக்ஸில் ஒரு ஜிபியிடம் லோக்கம், அதாவது தற்காலிக டாக்டர் வேலை, வீட்டிலிருந்து பத்து நிமிடம். இன்னொன்று வடக்கே ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் குழந்தைகள் வார்டில் ஒரு வருடப் பதவி, குவார்ட்டர்ஸில் தங்க வேண்டும். இரண்டாவதற்குப் போ என்று சொல்லியிருக்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் மூச்சுத்திணறல் குழந்தைகள் வரத் தொடங்கி வார்டு நிரம்பி வழியும். அந்தப் பருவம் முழுவதும் இருந்துவிட்டு, டிசிஎச் எழுதிவிட்டு, நோயின் எந்த நாள் தனக்குப் பிடிக்கிறது என்று சொல்லட்டும். ஜிபி வேலையையும் ருசி பார்க்க ஆசை என்றால் லீவு சனிக்கிழமைகளில் அந்த ஃபீனிக்ஸ் டாக்டரிடம் போகலாம். ஆனால் அரசு வேலையில் இருந்துகொண்டு வெளியே சம்பாதிக்க எழுத்து மூலம் அனுமதி வேண்டும். அந்தத் தாளை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டுதான் முதல் சனிக்கிழமை போக வேண்டும் என்று அவள் கட்டத்தின் ஓரத்தில் நானே எழுதிக் கொடுத்தேன்.